கொடியிழந்து நடந்த மூவர்

மழையை நம்பி ஊருணி வெட்டி வாழும் நமது செட்டிநாட்டில், பனியில் சறுக்கி ஓடும் பந்தயத்துக்குப் பத்திரிகையில் இடம் எதற்கு என்று வாசகர்கள் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆயினும் நாம் எழுதப் புகுந்தது பனியைப்பற்றி யன்று, தேசத்தின் மானத்தைப்பற்றி.

2014ஆம் வருஷம் பிப்ரவரி 7ஆம் தேதி, ருஷியாவில் கருங்கடல் ஓரத்திலுள்ள ஸோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கின. தேசந்தோறும் வீரர்கள் தத்தம் கொடியை உயர்த்தி அணிவகுத்தனர். பாரத நாட்டினின்று சென்ற சிவ கேசவன், ஹிமான்ஷு தாகூர், நதீம் இக்பால் என்னும் மூவர் மட்டும் மூவர்ணக் கொடியின்றி, ஐந்து வளையமிட்ட ஒலிம்பிக் கொடியின்கீழ் நடந்தனர்.

நாடற்றவர்போல் நடக்க அம்மூவரும் செய்த குற்றம் யாது? யாதொன்றுமில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தல் முறை தவறியதென்று 2012 டிஸம்பரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அச்சங்கத்தை விலக்கி வைத்தது. ஊழல் வழக்கில் குற்றஞ் சாட்டப்பட்டவர்கள் பதவிக்கு நிற்கலாகாது என்றும் வற்புறுத்தியது. விதிகளைத் திருத்த நம்மவர்க்கு ஒரு வருஷம் பிடித்தது. தேர்தலையோ, பந்தயம் தொடங்கி இரண்டு நாள் கழிந்தபின், பிப்ரவரி 9இல் நடத்தினர்! தமிழ்நாட்டவரான ஸ்ரீ என். ராமச்சந்திரன் தலைவரானார். 11இல் தடை நீங்கிற்று. அதற்குள் சிவ கேசவனின் சறுக்குவண்டிப் பந்தயம் முடிந்தே போயிற்று. ஐந்தாவது முறையாக ஒலிம்பிக்கில் இறங்கிய அவ்வீரரின் பெயருக்கு எதிரே நமது தேசத்தின் பெயர் இல்லை.

14ஆம் தேதி நதீம் இக்பாலின் முறை வந்தது. அவர் ஜம்மு-காஷ்மீரத்தவர், ராணுவ வீரர். பந்தயத்தின் தூரம் 15 கிலோமீட்டர். காலில் நீண்ட சறுக்குப் பலகைகள், கையில் இரண்டு ஊன்றுகோல்கள்; மேடு ஏறவும் பள்ளம் இறங்கவும் நுரையீரலும் தசையுமே துணை. அன்று வெயில் காய்ந்து பனி இளகியது; சிலர் கையில்லாச் சட்டையோடு ஓடினர். ஸ்விட்ஸர்லாந்தின் டாரியோ கொலோன்யா 38 நிமிஷம் 29.7 விநாடியில் முதல்வரானார். நதீம் 55 நிமிஷம் 12.5 விநாடியில், 85ஆவதாக வந்து சேர்ந்தார். நகைப்பவர் நகைக்கட்டும்! அவர் இடையில் நிற்கவில்லை, ஓடி முடித்தார். அவர் பெயரோடு இந்தியாவின் பெயரும் பதிவாயிற்று. 16ஆம் தேதி வீரர் விடுதியில் மூவர்ணக் கொடி ஏறிற்று.

நமது நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், அக்கரைக் கடையில் இருந்த மேலாள், தன் கணக்குப் பிசகினால் முதலாளியின் விலாசம் கெட்டுப் போகுமே என்று அஞ்சி நடந்தான். ஸோச்சியில் நடந்ததோ தலைகீழ். முதலாளி ஸ்தானத்திலிருந்தவர்கள் முறை தவற, அக்கரைக்குப் போனவன் விலாசமின்றி நின்றான்.

அந்நிய சபைக்கு நம்மைத் தண்டிக்க என்ன அதிகாரம் என்று கொதிப்பது எளிது. நாமே விரும்பிச் சேர்ந்த சபையின் விதிக்குக் கட்டுப்படுவது அடிமைத்தனமன்று; ஒப்பந்த தர்மம். அச்சபை நமது வீரர்களுக்குக் கதவை அடைக்கவுமில்லை. கொடியைப் பறித்தது பிறரல்லர்; நம்மவரின் அசட்டையே. தேர்தல் ஒரு வாரம் முந்தி நடந்திருந்தால், அம்மூவரும் முதல் நாளே கொடியோடு நடந்திருக்கக் கூடும்.

இது டில்லியின் விஷயம் மட்டுமன்று. வாசகசாலையாயினும் விளையாட்டுச் சங்கமாயினும், அங்கத்தினராயுள்ள நண்பர்கள் உரிய காலத்தில் தேர்தலைக் கேட்க வேண்டும். கணக்கைக் கேட்க வேண்டும். களங்கமுள்ளவரை, நம்மவரென்று தாட்சண்யம் பாராமல் விலக்க வேண்டும். கொடியை வணங்குவோர் பலர். அதைக் காப்பவர், மகாசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்பவரே.