கூறியது கூறல்: குற்றமும் குணமும்

தொல்காப்பிய மரபியல் நூலுக்கு வரும் சிதைவுகளைத் தொகுத்துரைக்குமிடத்து முதலாவதாக நிறுத்துவது ‘கூறியது கூறல்’ என்பதையே. நன்னூலாரும் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக அதனை எண்ணுவர். நம் கட்டுரை வகுப்புகள் இவ்விதியை உறுதியாகப் பற்றிக்கொண்டுள்ளன. ஒரு பத்தியில் ஒரு சொல் இருமுறை வந்துவிட்டால் சிவப்பு மை பாய்ந்துவிடும். ஆயின் இவ்விதி இலக்கண நூல் போன்ற சாத்திர நூல்களை நோக்கி எழுந்தது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். விதி சொல்லும் இடத்தில் ஒருமுறை சொன்னால் போதும். உணர்வு சொல்லும் இடத்தில் ஒருமுறை போதுமா?

போதாது என்பதைத் தொல்காப்பியரே அறிவார். சொல்லதிகார எச்சவியலில் அடுக்கிவரும் சொற்களுக்கு அவர் எல்லை வகுக்கிறார். இசை நிறைக்க வருவது நான்கு முறை வரை அடுக்கலாம். விரைவு பற்றி வருவது மூன்று முறை வரை அடுக்கலாம். பாம்பைக் கண்டவன் ‘பாம்பு’ என ஒருமுறை கூறினால் அது செய்தி. ‘பாம்பு பாம்பு’ எனக் கூறினால் அதில் அச்சமும் சேர்ந்துவிடுகிறது. எனவே அங்கு இரண்டாவது சொல் வீண்சொல் அன்று.

சொல் ஒன்றாகவே நிற்கப் பொருள் நகர்வதும் உண்டு. 751ஆம் குறளில் ‘பொருள்’ என்னும் சொல் நான்கிடத்து வருகிறது. ஓரிடத்தில் அது செல்வம், மற்றோரிடத்தில் மதிப்பு. மதிக்கத்தகாதவரையும் மதிப்புடையவராக்குவது செல்வம் என்னும் கருத்தை இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் உராய்வதாலேயே அக்குறள் அத்துணைக் கூர்மையாகச் சொல்கிறது. ‘செல்வம்’, ‘மதிப்பு’ என இரு சொற்களாகப் பிரித்து எழுதினால் கருத்து எஞ்சும், எள்ளல் எஞ்சாது. 

இவ்வுத்தியின் முழு வலிமையையும் காண விழைவோர் சிலப்பதிகாரத்தின் ஊர்சூழ்வரியைப் படித்தல் வேண்டும். கணவன் கொலையுண்ட செய்தி கேட்ட கண்ணகி மதுரைத் தெருவில் நின்று மூன்று வினாக்களை எழுப்புகிறாள். இவ்வூரில் பெண்டிர் உண்டோ, சான்றோர் உண்டோ, தெய்வம் உண்டோ என்பன அவை. ஒவ்வொரு வினாவும் ஓரடியிலேயே இருமுறை வருகிறது. இடையில் ஓரடி புதிதாக வருகிறது. பின் அதே வினா மீண்டும் இருமுறை ஒலிக்கிறது. வினாவின் வாய்பாடு மாறவேயில்லை. மாறுவது வினவப்படுவோர். முதலில் கணவர்க்கு நேர்ந்த தீங்கைத் தாங்கியிருக்கும் பெண்கள். அடுத்து, ஈன்ற குழவியை எடுத்து வளர்க்கும் சான்றோர். இறுதியில், மன்னன் வாள் தவறிய கூடலில் தெய்வம். இல்லத்திலிருந்து ஊருக்கும் ஊரிலிருந்து தெய்வத்துக்கும் வினா ஏறிச் செல்கிறது. சட்டகம் அசையாது நிற்பதால்தான் அதனுள் நிகழும் ஏற்றம் நமக்குப் புலனாகிறது. மூன்று வினாக்களையும் மூன்று வேறு தொடரமைப்பில் இளங்கோவடிகள் அமைத்திருப்பின் நாம் கேட்பது அழுகையாக இராது, சொற்பொழிவாக இருந்திருக்கும்.

மலாய் இலக்கியம் பயின்ற நம் மாணவர்க்கு இது புதிதன்று. ‘பாந்துன் பெர்காயிட்’ என்னும் தொடர்ப்பாட்டில் ஒரு செய்யுளின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த செய்யுளின் முதலாம், மூன்றாம் அடிகளாகத் திரும்பி வரும். நம் அந்தாதியோடு ஒப்பிட்டு ஆராயத்தக்க வடிவம் இது. அங்கும் திரும்பி வரும் அடி புதிய அண்டையடிகளோடு சேர்ந்து வேறு நிறம் கொள்கிறது.

உரைநடைக்கும் இது பொருந்தும். இதனை நான் கற்றுக்கொண்டது என் பிழையிலிருந்து. தோட்டப்புற வாழ்வு குறித்து மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையில் ‘அன்று மழை. பாட்டி பால்மரம் சீவப் போகவில்லை. அன்று மழை. கடைக்காரர் கடன் தரவில்லை. அன்று மழை. அடுப்பு எரியவில்லை’ என ஒரு பத்தி இருந்தது. கூறியது கூறல் என்று ஓரத்தில் குறித்தேன். இரண்டாவதை ‘மாரி பொழிந்த அந்நாளில்’ என்றும் மூன்றாவதை ‘வானம் பொழிந்தமையால்’ என்றும் திருத்தினேன். தாளைப் பெற்றுக்கொண்ட மாணவர், “ஐயா, மூன்றும் ஒரே மழைதானே?” என்று மட்டும் கேட்டார்.

அவர் சென்றபின் திருத்தத்தை உரக்கப் படித்துப் பார்த்தேன். என் சொற்கள் மழையை அழகுபடுத்தியிருந்தன. அம்மழையோ அவ்வீட்டாரைப் பட்டினி போட்ட மழை. மரத்தில் தொடங்கிக் கடைவழியே அடுப்புக்குள் புகுந்த அதன் பாதையை நான் அழித்திருந்தேன். மறுவாரம் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி என் திருத்தங்களை அடித்துவிட்டேன். முதல் வாசிப்பில் நான் கவனியாத ஒன்றும் அப்போது கண்ணில் பட்டது. ‘அன்று மழை’ மூன்று முறையோடு நின்றிருந்தது. அடுத்த பத்தி ‘மறுநாள் வெயில்’ என்று தொடங்கியிருந்தது.