பட்டை கூட்டினால் பாரம் கூடுமா?

மாங்காய்ப் பருவத்தில் பிக்கப் வண்டியின் பின்னே டிரெய்லரைப் பூட்டுமுன், பின்புற ஸ்பிரிங்கில் பட்டை கூட்டலாமா எனக் கிருஷ்ணகிரி வட்டார அங்கத்தினர்கள் நம்மை வினவுகின்றனர்.

டிரெய்லரின் பாரம் கொக்கியை அழுத்தும்போது வண்டியின் பின்புறம் தாழ்கிறது. முன் சக்கரங்கள் இலேசாகின்றன. பட்டை கூட்டினால் பின்புறம் நிமிரும். ஆயினும், இழந்த பாரம் முன் சக்கரங்களுக்குத் திரும்பாது. அச்சு, டயர், பிரேக்கு ஆகியவற்றின் வலிமையும் கூடாது. சேலம் செல்லும் வழியில், தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் உயிர் காப்பது பிரேக்கேயன்றிப் பட்டையன்று.

பதிவுச் சான்றில் கண்ட எடையை மீறினால், 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் ரூ. 20,000, மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000.

ஆகவே, சரக்கு மிகுந்தால் அங்கத்தினர் இருவர் கூடி மற்றொரு வண்டியை அமர்த்தி, வாடகையைப் பகிர்ந்துகொள்வோமாக. கூட்டுறவின் பயன் இதுவே.