கரி இருக்கிறது, ஆட்கள்தான் இல்லை

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடி மலைகளுக்கு நடுவே மெக்டவல் என்றொரு கவுன்டி இருக்கிறது. கவுன்டியை நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் சின்னது. 1950 கணக்கெடுப்பில் அங்கே 98,887 பேர் இருந்தார்கள். 2020-இல் 19,111 பேர். ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது.

அது நிலக்கரிச் சீமை. அப்படியென்றால் கரி தீர்ந்திருக்கும் என்று தோன்றும். தீரவில்லை.

1858-இல் உருவான கவுன்டி அது. 1880-இல்கூட 3,074 பேர்தான். பிறகு நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் மலைக்குள் வந்தது. அந்த மலைக்கரியில் புகை குறைவு, சூடு அதிகம்; கப்பலுக்கும் ஏற்றது, எஃகு ஆலைக்கான கோக் என்னும் சுட்ட கரியைத் தயாரிக்கவும் ஏற்றது. தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களும், இத்தாலி, ஹங்கேரியிலிருந்து குடியேறியவர்களும் வந்து குவிந்தார்கள். குடியிருந்த வீடு சுரங்கக் கம்பெனியுடையது, சாமான் வாங்கிய கடையும் கம்பெனியுடையது. கூலியிலேயே ஒரு பகுதி அந்தக் கடையில் மட்டும் செல்லும் டோக்கன். நிலத்தில் பெரும்பகுதி வெளியூர் முதலாளிகள் கையில். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இதுதான் என்பேன்: சுரங்க வேலை போனால், ஊரில் தங்க இன்னொரு காரணம் இல்லை.

1950-இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். நல்ல கூலி உண்டு, வைத்தியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் நிதி உண்டு. இயந்திரம் வந்தால் சங்கம் குறுக்கே நிற்காது. வேலையில் நீடித்தவர்களுக்கு நல்ல பேரம்தான். ஆனால் பலர் சேர்ந்து வெட்டி அள்ளிய கரியை ஒற்றை இயந்திரம் வெட்டி அள்ளியது. அதே காலத்தில் ரயில்கள் டீசலுக்கும், வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. 1960-இல் 71,359 பேர். பத்தே வருஷத்தில் 27,000 பேருக்கு மேல் குறைந்துவிட்டார்கள்; ஒஹாயோ, மிச்சிகன் ஆலைகளைத் தேடிப் போனவர்கள் ஏராளம்.

தேர்தல் பிரசாரத்துக்கு மேற்கு வர்ஜீனியாவைச் சுற்றிவந்த கென்னடி, ஜனாதிபதியானதும் ஏழைகளுக்கான உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கினார். முதல் கூப்பன்கள் 1961 மே 29 அன்று கவுன்டியின் தலைநகரான வெல்ச்சில்தான் கைமாறின. நாட்டின் எஃகுக்கு எரிபொருள் தந்த மண்ணில் முதல் கூப்பன்! இதை வெறும் செய்தியாக என்னால் கடந்துபோக முடிவதில்லை.

1980-களில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அங்கிருந்த தன் சுரங்கங்களை மூடியது. 1990-இல் 35,233 பேர். 2005-இல் வந்த வால்மார்ட் பேரங்காடியும் 2016-இல் மூடப்பட்டது.

வளம் வற்றியதால் காலியான ஊர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எஃகு ஆலைகளுக்காக அந்த மலைகளில் இன்றும் கரி வெட்டுகிறார்கள்.