பட்டறையில் கேட்காத சத்தம்

வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கிளம்பினால், அது பட்டறை வாசலுக்கு வந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. மெக்கானிக்கின் காதிலும் குறையில்லை. அந்தச் சத்தம் பிறக்க 55 கி.மீ. வேகம் வேண்டும், பின்னால் ஒரு டன் தேங்காய் வேண்டும், லேசான ஏற்றமும் வேண்டும். நின்றுகொண்டிருக்கும் வெறும் வண்டியில் இந்த மூன்றுமே கிடையாது. அனுபவம் உள்ள மெக்கானிக் அதனால்தான் பானெட்டைத் திறக்காமல் முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாங்ண்ணா. நீங்களே ஓட்டுங்க. லோடு ஏத்துனா மட்டும் கேக்குதுங்களா, இல்ல வெறும் வண்டியிலயும் கேக்குதுங்களா?"

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

கொங்கு வட்டாரத்தின் சரக்குப் போக்குவரத்தில் சிறு வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2005இல் வந்து நம் ஊரில் 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற டாடா ஏஸ், 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஊருக்கு ஊர் நிற்கும் பொலேரோ பிக்கப். பொள்ளாச்சி இளநீர், மேட்டுப்பாளையம் மண்டியின் உருளைக்கிழங்கு, திருப்பூர் பனியன் மூட்டை, பல்லடத்துக் கறிக்கோழிக் கூண்டு எல்லாம் இவற்றில்தான் ஏறுகின்றன. பல வண்டிகள் மாதத் தவணை கட்டிக்கொண்டே ஓடுபவை. இப்படி ஓடும் ஒருவரிடம், சத்தம் எங்கே என்று தெரியாமல் "முதல்ல இதை மாத்திப் பார்ப்போம், போகலைன்னா அதை மாத்துவோம்" என்று சொல்வது அநியாயம். சத்தத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் அந்தச் செலவு மிச்சம். சில சமயம் உயிரும் மிச்சம்.

காது இருக்கிறதே, கேட்டால் தெரியாதா? கேட்கும். ஆனால் இடம் தெரியாது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. எஃகில் 5000 மீட்டருக்கும் மேல். பின் சக்கரத்தில் பிறந்த அதிர்வு சேஸிஸ் வழியாக ஓடிவந்து, கேபினில் எந்தத் தகடு லேசாக இருக்கிறதோ அதை அதிரவைக்கும். இடது கதவிலிருந்து வருவதுபோல் கேட்கும் முனகலின் பிறப்பிடம் பின்னால் வலது சக்கரத்தின் ஹப்பாக இருக்கலாம். அதோடு, ஒலி எந்தப் பக்கம் என்று மூளை கண்டுபிடிப்பது, இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை வைத்து. நொடிக்கு 45 முறை அதிரும் தாழ்ந்த முனகலின் அலைநீளம் ஏழரை மீட்டர். வண்டியே அவ்வளவு நீளம் இல்லை. அந்த அலை மூடிய கேபின் முழுவதையும் நிறைத்துவிடுவதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆகவே 'எங்கே கேட்கிறது' என்று தேடுவதை விட்டுவிட்டு, 'எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது' என்று கேட்க வேண்டும். வண்டியில் சத்தம் போடும் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றின் தாளத்துக்குக் கட்டுப்பட்டது. என்ஜின், சக்கரம், சுமை, சாலை, காற்று என்ற ஐந்தில் எதன் தாளம் என்று பிடித்துவிட்டால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

முதலில் என்ஜினையும் சக்கரத்தையும் பிரிக்க வேண்டும். பிக்கப்பின் டயர் ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழரைச் சுற்று. பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்றால், அதற்கு முன்னால் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 30 சுற்று. டயரில் ஒரு புடைப்பு இருந்தால் நொடிக்கு ஏழெட்டுத் தட்டு, விரலால் தாளம் போட முடிகிற வேகம். ஷாஃப்ட்டின் சமநிலை கெட்டிருந்தால் தனித்தனியாகத் தட்டுகள் கேட்காது; இருக்கையின் அடியில் 'உம்ம்' என்று ஒரே அதிர்வாகத் தெரியும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஐந்து கியர் உள்ள பல வண்டிகளில் 4ஆவது கியர் நேர் கியர். அதில் என்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். அந்தக் கியரிலேயே ஓட்டிக்கொண்டு எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. போக்குவரத்து குறைந்த சமதளச் சாலையில் 50 கி.மீ. வேகத்தை மாற்றாமல், 4இலிருந்து 3ஆவது கியருக்கு இறக்கிப் பாருங்கள். சாலை வேகம் அதேதான், என்ஜின் சுற்று மட்டும் கூடும். முனகலின் சுருதியும் கூடவே ஏறினால் குற்றவாளி என்ஜின் பக்கம்: பெல்ட், ஆல்டர்னேட்டர், கிளட்ச், சைலன்சர் இவற்றில் ஒன்று. சுருதி அசையாமல் நின்றால், கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள உலகம் முழுவதும் சந்தேகத்துக்கு உரியது.

இதே சோதனையைப் பலர் நியூட்ரலில் போட்டு உருளவிட்டுச் செய்வார்கள். சமதளத்தில் அது சரி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, திம்பத்தின் 27 வளைவுகளிலோ இறங்கும்போது ஒரு நொடிகூட இதைச் செய்யக் கூடாது. சுமையோடு இறங்கும் வண்டியை என்ஜினும்தான் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியை எடுத்துவிட்டால் மொத்த எடையும் பிரேக்கின் மேல் விழுந்து, டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போகும்.

சக்கரப் பக்கம் என்று தெரிந்தபின் அடுத்த சந்தேகம் டயரா, பேரிங்கா என்பது. இரண்டும் வேகத்தோடு ஏறும் ஒரே மாதிரி 'ஊஊ'. ஆனால் டயரின் ஓசை சாலையைப் பொறுத்து மாறும். கரடுமுரடான ஜல்லி தெரியும் தாரிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்கு வண்டி ஏறியதும் குரல் மாறினால் அது டயர். அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தச் சாலையிலும் ஒரே குரலில் அழுதால் பேரிங்.

பேரிங் ஏன் அழுகிறது? நம் வீட்டுக் கிணற்று மோட்டாரில் பேரிங் போகும்போது வருகிற அதே இரைச்சல்தான் இது. உள் வளையம், வெளி வளையம், இடையில் உருளைகள். கிரீஸ் வற்றியோ தண்ணீர் புகுந்தோ, வளையத்தின் வழவழப்பான பாதையில் ஓர் ஊசிமுனை அளவு உரிந்துவிட்டால் போதும், கடந்துபோகும் ஒவ்வோர் உருளையும் அந்தக் குழியில் இடிக்கும். உருளைகளின் கூடு சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்றுவதால், அசையாமல் நிற்கும் வளையத்தில் உள்ள குழிக்கு ஒரு கணக்கு உண்டு: உருளைகளின் எண்ணிக்கையைச் சக்கரத்தின் சுற்றால் பெருக்கி, அதில் ஏறக்குறைய 40 சதவீதம். 15 உருளைகள், ஏழரைச் சுற்று என்றால் நொடிக்கு 45 இடி. மேலே சொன்ன, திசை தெரியாத முனகல் இதுதான். ஒவ்வோர் இடியும் குழியின் விளிம்பை இன்னும் உரிக்கும். இன்று முனகுகிற பேரிங் தானாக ஒருநாளும் ஆறாது.

எந்தப் பக்கம் என்பதை வளைவு சொல்லும். வண்டி இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். நீண்ட இடது வளைவில் முனகல் கூடி, வலது வளைவில் குறைந்தால் வலது ஹப்பை முதலில் பாருங்கள். இது முடிவல்ல, தடயம்தான். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹப்பில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் உறுதியாகிவிடும். நல்ல பேரிங் சீராக ஓடும், கெட்டது கரகரக்கும். 1816இல் பாரிஸில் மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அங்கே பிறந்தது. நம் பட்டறைகளில் இன்றும் ஸ்க்ரூடிரைவர் அந்த வேலையைச் செய்கிறது. பழுதை அது இருக்கும் இடத்திலேயே தொட்டுக் கேட்கிற இந்தக் கைப்பழக்கத்துக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன்.

சுமையின் தாளம் பிக்கப்புக்கே உரியது. கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனைகளில் 'கிராஸ்' என்று பட்டறையில் சொல்லும் சிலுவை இணைப்பு இருக்கிறது. சாய்கோணத்தில் சுற்றும்போது அந்த இணைப்புக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், வெளியே போகும் சுழற்சி ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் அதிகமானால் இந்தத் தள்ளாட்டமும் அதிகம். மறுமுனையில் உள்ள கிராஸ் அதே கோணத்தில் நின்றால் முதல் தள்ளாட்டத்தை அது ஈடுகட்டிவிடும். சுமை ஏற்றியதும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி, பின் அச்சு நிற்கும் கோணமே மாறுகிறது. பட்டை தளர்ந்த வண்டியிலோ, உயரம் கூட்டுவதற்காகக் கூடுதல் பட்டை போட்ட வண்டியிலோ இரண்டு கோணமும் ஒத்துப்போவதில்லை. சுமையோடு வழவழவென்று போய், இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது அதிர்கிற வண்டியும் உண்டு. நேர்மாறாக நடப்பதும் உண்டு. நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போதும், ரிவர்ஸ் போடும்போதும் 'டக்' என்று ஒற்றை அடி விழுந்தால் கிராஸின் ஊசி உருளைகள் தேய்ந்து ஆட்டம் கொடுக்கின்றன என்று பொருள். சுமையோடு நகரும் முதல் கணத்தில் மட்டும் வண்டி உதறினால் ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பரைப் பாருங்கள்.

கிரவுன் பினியன் வேறு விதம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பல்லின் ஒரு முகம் தள்ளும், காலை எடுத்ததும் மறு முகம். மிதித்தால் மட்டும், அல்லது எடுத்தால் மட்டும் கீச்சென்று பாடினால் பழுது அங்கே.

சாலையின் தாளத்தைக் கேட்க, கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கி.மீ. நீளும் மேம்பாலம் போதும். பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் முதலில் முன் சக்கரம் தட்டும், பிறகு பின் சக்கரம். இரண்டு அச்சுக்கும் நடுவே 3 மீட்டர் என்றால், 60 கி.மீ. வேகத்தில் இரண்டு தட்டுக்கும் இடைவெளி நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பழகிய காதுக்கு அது போதும். முதல் தட்டு சுத்தமாக விழுந்து, இரண்டாவது தட்டோடு 'கடகட' சேர்ந்தால் பின்பக்கம் ஷேக்கிள் புஷ், யு போல்ட், அல்லது டெயில்போர்டின் கொண்டி. கொண்டியில் ஒரு துண்டு ட்யூப் ரப்பரைச் செருகிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். கழற்றிப் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது அதுதான்.

காற்றின் தாளத்தை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்திருப்பது அவசியம். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு விழுந்த பாலக்காட்டு இடைவெளியின் கிழக்கு வாசலில் கோவை இருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அந்த வழியாகப் பாய்ந்து வரும். அந்தக் காற்றுக்கு எதிராக வாளையாறு நோக்கிப் போகும்போது வண்டியிலிருந்து ஊளை போன்ற ஒரு சத்தம் எழும். அதே வேகத்தில் திரும்பி வந்தால் சுருதி பாதியாகிவிடும், அல்லது காணாமலே போகும். சக்கரம், என்ஜின், கியர், சுமை எல்லாம் அதேதான். மாறியது காற்று மட்டும். தார்ப்பாயின் மேல் இழுத்துக் கட்டிய கயிற்றைக் காற்று கடக்கும்போது, அதன் பின்னால் மாறி மாறிச் சுழிகள் பிறக்கின்றன. 1878இல் செக் இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹல் இதன் கணக்கைக் கண்டார்: காற்றின் வேகத்தைக் கயிற்றின் தடிமனால் வகுத்து, ஏறக்குறைய 0.2ஆல் பெருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கயிறு, 72 கி.மீ. வேகம், அதாவது நொடிக்கு 20 மீட்டர் என்றால் 400 அதிர்வு. எதிர்க்காற்று நொடிக்கு 8 மீட்டர் என்றால் 560. அதே காற்று பின்னால் இருந்தால் 240. கயிற்றின் மேல் ஒரு மெல்லிய கயிற்றைச் சுருளாகச் சுற்றிவிட்டால் சுழிகளின் ஒழுங்கு கலைந்து ஊளை அடங்கும். உயரமான ஆலைப் புகைபோக்கிகளின் மேல்பகுதியில் சுருள் பட்டை வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சில சத்தங்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. மழை நாளில் காலை ஸ்டார்ட் செய்ததும் கீச்சிட்டு, சில நிமிடத்தில் அடங்குவது ஈரம்பட்ட, தளர்ந்த பெல்ட். ஒரு குறிப்பிட்ட என்ஜின் சுற்றில் மட்டும் தகரம் நடுங்குவது சைலன்சர் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு. அதன் இயல்பான அதிர்வெண்ணை என்ஜின் தொடும் கணம் அது.

வேறு சிலவற்றுக்கு ஆராய்ச்சிக்கே நேரம் கொடுக்கக் கூடாது. பஞ்சர் போட்டுக் கிளம்பிய பிறகு சக்கரத்தின் சுற்றோடு 'டொக் டொக்' என்று வந்தால் வீல் நட் தளர்ந்திருக்கலாம். பிரேக் மிதிக்கும்போது இரும்பும் இரும்பும் அரைத்தால் லைனிங் தீர்ந்துவிட்டது. அடியில் கனமான இரும்பு அடிப்பதுபோல் கேட்டால் ஷாஃப்ட் கழன்றுகொண்டிருக்கலாம். ஓரமாக நிறுத்திவிடுங்கள், அடுத்த ஊர்ப் பட்டறைவரை ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது "ஏதோ சத்தம் வருதுங்க" என்பதோடு நிறுத்தாமல், எந்த வேகத்தில், எந்தக் கியரில், எவ்வளவு சுமையில், மிதிக்கும்போதா எடுக்கும்போதா, எந்தப் பக்க வளைவில் என்று எழுதிக்கொண்டு போங்கள். செல்போனில் பதிவு செய்வதும் நல்லதுதான். ஆனால் அதன் சின்ன மைக் கீச்சையும் ஊளையையும் பிடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த முனகலைப் பிடிக்காது.

பழுது பார்த்தபின் அதே சாலையில், அதே சுமையோடு, அதே வேகத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். பெரிய சத்தம் போனதும், இவ்வளவு நாள் அதன் அடியில் மறைந்திருந்த சின்னச் சத்தம் மேலே வரும். புதுப் பழுது என்று பதற வேண்டியதில்லை. 2022இல் அறிமுகமான மின்சார ஏஸ் போன்ற வண்டிகளில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்: டீசல் என்ஜினின் இரைச்சல் இல்லாததால் கியர் பல், பேரிங், கொண்டி எல்லாம் முதல் நாளிலிருந்தே காதில் விழுகின்றன. அப்படி மேலே வந்த சின்னச் சத்தத்துக்கும் 4இலிருந்து 3ஆவது கியருக்கு இறக்கிப் பார்ப்பதிலிருந்தே தொடங்குங்கள். கியர் மாற்றும் வேலையில்லாத மின்சார வண்டி என்றால் டயரும் வளைவும்தான் முதல் சோதனை.