பெயரும் மரமும்: அத்திப் பேரின மரங்களைத் துளைக்கும் நெடுங்கொம்பு வண்டும் வடசென்னைத் துறைமுகச் சூழலும்

திறவுச்சொற்கள்: நெடுங்கொம்பு வண்டு, பட்டோசெரா, ஆல், அத்தி, கலைச்சொல், எண்ணூர்.

முன்னுரை

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைப் பகுதியில் ஆலும் அரசும் சாலையோரங்களிலும் பழஞ்சுவர் இடுக்குகளிலும் வளர்கின்றன. ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கும் தாவரவியலில் ஃபைக்கஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. இம்மரங்களைத் துளைத்து வாழும் பட்டோசெரா பேரின வண்டுகளை விளக்குவதும், அவற்றின் தமிழ்ப்பெயர் எழுப்பும் சிக்கலைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இனமும் பெயரும்

பட்டோசெரா, செராம்பிசிடே என்னும் நெடுங்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சார்ந்தது. உடல் நீளத்தை எட்டும் அல்லது விஞ்சும் உணர்கொம்புகளே இப்பெயருக்குக் காரணம். இந்தியாவில் நன்கு அறியப்பட்ட சிற்றினம் பட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா ஆகும். இதனைச் சுவீடன் நாட்டு அறிஞர் டி கீர் 1775இல் விவரித்தார். சிற்றினப் பெயர் 'செம்புள்ளியுடையது' எனப் பொருள்படும். முன்மார்பின் மேலுள்ள இரு செம்மஞ்சள் புள்ளிகளை அது குறிக்கிறது. தமிழ் வேளாண் வழக்கில் இது 'மாமரத் தண்டு துளைப்பான்' எனப்படுகிறது. ஆயினும் அத்தி, பலா, இலவம் முதலியவற்றையும் இவ்வண்டு தாக்கும். இஸ்ரேலில் இது சீமையத்தி மரங்களை அழிக்கும் பூச்சியாகவே அறியப்படுகிறது.

வாழ்வியல்

பெண் வண்டு மரப்பட்டையைக் கடித்துக் கீறி முட்டையிடும். வெளிவரும் காலற்ற புழு முதலில் பட்டையின் அடிப்பகுதியைத் தின்று, பின்னர்க் கட்டைக்குள் சுரங்கம் அமைக்கும். இதனால் சாறு செல்லும் வழி அறுபட்டுக் கிளைகள் காய்கின்றன. தண்டில் வழியும் சாறும் அடியில் குவியும் மரத்தூளும் முதன்மை அடையாளங்கள். புழு கட்டைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக வட்டத்துளையிட்டு வெளியேறும். இச்சுழற்சி நிறைவுற ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

துறைமுகச் சூழல்

புழு பல மாதங்கள் மரத்தினுள் மறைந்திருப்பதால், பதப்படுத்தாத சிப்பமரம் வழியே கடல்கடந்து செல்ல இயலும். ஆசிய நெடுங்கொம்பு வண்டு 1996இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டமை இதற்குச் சான்று. 2002இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தரநெறி 15, சிப்பமரத்தின் உட்பகுதி வரை 56 பாகை செல்சியசில் தொடர்ந்து 30 நிமிடம் வெப்பமூட்டுவதை ஒரு வழியாக விதிக்கிறது. சென்னைத் துறைமுகமும் 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகமும் அடுத்தடுத்து அமைந்த இப்பகுதியில், நம் வண்டு வெளியேறுவதும் அயல்வண்டு நுழைவதும் ஒருங்கே கருதத்தக்கவை.

முடிவுரை

'மாமரத் தண்டு துளைப்பான்' என்னும் பெயர் தோட்டத்தை நோக்கியே கவனத்தைத் திருப்புகிறது. மாந்தோப்பு இல்லாத நகரின் ஆலும் அரசும் அப்பார்வைக்கு அப்பாற்படுகின்றன. எனவே, உண்ணும் மரத்தைவிட உடலமைப்பை அடிப்படையாகக் கொண்ட 'செம்புள்ளி நெடுங்கொம்பு வண்டு' என்னும் கலைச்சொல்லை இக்கட்டுரை முன்மொழிகிறது. தெருமரக் கணக்கெடுப்பில் துளையும் மரத்தூளும் பதிவுசெய்யப்படின், மரம் வீழுமுன்பே அதன் நலிவை அறியலாம்.