மனையில் நிற்கும் மரம்

திருக்கோயிலை வலம்வரும் அன்பர்கள் தலமரத்தையும் வணங்கிச் செல்வது நம் மரபு. மயிலைக்குப் புன்னை, மதுரைக்குக் கடம்பு, சிதம்பரத்திற்குத் தில்லை என்று தலந்தோறும் ஒரு மரத்தை இறைவனோடு இணைத்துப் போற்றினர் நம் முன்னோர். மதுரைத் திருக்கோயிலில், பட்டுப்போன பழங்கடம்பின் அடிமரமும் அகற்றப்படாமல் காக்கப்பெற்று வருகிறது.

ஆயின், வீடு திரும்பியபின் நம் மனையில் நிற்கும் மரத்தை எவ்வாறு நோக்குகிறோம்? நகரத்தில் ஒரு மனையின் மரத்தை வெட்ட முற்பட்டால், தெருவார் இருபாற்படுவர். "வேர் மதிலைப் பிளக்கிறது, புயலில் முறிந்தால் உயிருக்கே கேடு" என்பர் ஒருசாரார். "நிழல் போய்விடுமே, பறவைகள் எங்கே செல்லும்?" என்பர் மற்றொருசாரார். "என் மனை, என் மரம்" என்பார் உரிமையாளர்.

அஞ்சுவோர் கூற்றைப் புறந்தள்ளலாகாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலால் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எனினும், பழி முழுவதும் மரத்தினுடையதன்று. குழாய் பதிக்கத் தோண்டுகையில் பக்கவேர்களை அறுக்கிறோம். அடிமரம்வரை சிமெண்டு பூசி, வேருக்கு நீரும் காற்றும் செல்லாமல் தடுக்கிறோம். ஊன்றி நிற்க இடமில்லாத மரம் புயலை எங்ஙனம் தாங்கும்?

ஆதலின், கோடரியை எடுக்குமுன் மூன்றினை எண்ணுதல் வேண்டும். பட்ட கிளைகளைக் கழித்தால் போதுமா? மதிலைச் சற்று விலக்கிக் கட்டலாமா? வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாமா? இம்மூன்றும் இயலாதபோதுதான் வெட்டுதல் தகும். அதற்கு முன்பே மாற்றுக் கன்றுகளை நட்டுவிடுதல் முறையாகும். அரசு நிலத்து மரங்களை வெட்டுவது குறித்து ஆராய, 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு பசுமைக் குழுக்களை அமைத்தது. வீட்டு மரத்திற்கோ, முதற்கண் நம் நெஞ்சமே இசைவு தருதல் வேண்டும்.

சங்க நூலாகிய நற்றிணையில், தான் வளர்த்த புன்னையை உடன்பிறந்தாளாகக் கருதிய பெண்ணொருத்தி, அதன் நிழலில் தலைவனோடு பேசி மகிழவும் நாணினாள். மரத்தை உறவாக மதித்த மரபு நம்முடையது.

தில்லை மரத்தால் பெயர்பெற்றது சிதம்பரம். அம்மரத்தை இன்று செழிப்பாகக் காண விழைவோர் பிச்சாவரத்து உப்பங்கழிக்குச் செல்ல வேண்டியுள்ளது. ஊர்ப்பெயரில் மரம் நிற்கிறது, ஊரிலோ அரிதாயிற்று. நம் தெருவின் வேம்புக்கும் புங்குக்கும் அந்நிலை நேராமல் காப்பதும் ஒரு திருத்தொண்டே. அடுத்தமுறை தலமரத்தை வலம்வரும்போது, நம் வாயிலில் நிற்கும் மரத்தையும் ஒருகணம் நினைவோமாக.