தூசுக்குக் கணக்கு எங்கே?

விருத்தாசலம் என்றதும் பீங்கான் நினைவுக்கு வரும். அகல் விளக்கும், பொம்மையும், மின்சாரப் பீங்கானும் அவ்வூர்ப் பட்டறைகளில் உருவாகின்றன. தொழிலைக் கற்பிக்க அரசுக் கல்விக்கூடமும் அங்கே உண்டு. பளபளக்கும் பாண்டத்தைப் போற்றும் நாம், அதை ஆக்கித் தரும் தோழனின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்ததுண்டா?

பீங்கான் வெறும் களிமண்ணால் ஆவதன்று. படிகக்கல்லும் ஃபெல்ஸ்பாரும் மாவாக அரைபட்டுச் சேர வேண்டும். படிகக்கல் என்பதே சிலிகாதான். காய்ந்த மாவைக் கொட்டும்போதும், சூளைக்குப் போகுமுன் விளிம்பைத் தேய்க்கும்போதும், மாலையில் தரையைப் பெருக்கும்போதும் தூசு எழுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தெரியாத தூசுதான் நுரையீரலின் அடிவரை சென்று தழும்பாகிறது. அதன் பெயர் சிலிகோசிஸ். அதைக் குணமாக்க மருந்தில்லை. பழமலை என்று பெயர் கொண்ட ஊரில் மலையின் துகள் மனிதன் மார்பில் படிகிறதே, என்ன கொடுமை!

இது புதுச் செய்தியா? அல்லவே! 1930-ல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்நோய்க்கென்றே உலகத் தொழிலாளர் நிறுவனம் மாநாடு கூட்டியது. நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே இதை அறிவித்தே தீரவேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. சிலிகாத் தூசு புற்றுநோயும் தரும் என்று 1997-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் உறுதி செய்தது.

சட்டம் வந்தது, கணக்கு வரவில்லை. ஏன்? தொழிற்சாலை ஆய்வாளர் பட்டறையைப் பார்க்கிறார். ஆள் குறைந்த பட்டறை அவர் எல்லைக்குள் வராது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகைபோக்கியைப் பார்க்கிறது. காசநோய் மருத்துவர் சளியைப் பார்க்கிறார். முழு மனிதனைப் பார்ப்பவர் யார்? பகலெல்லாம் பட்டறைத் தூசு, இரவில் அடுப்புப் புகை, இடையிடையே பீடி, எல்லாம் போய்ச் சேர்வது ஒரே நுரையீரலில் அல்லவா? சிலிகா படிந்த நெஞ்சில் காசநோய் எளிதில் குடியேறும். ஏட்டில் 'காசநோய்' என்று எழுதியதும் தூசு தப்பித்துக்கொள்கிறது. நோய் தலைகாட்டப் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகளாகும். அதற்குள் அவன் எத்தனை பட்டறை மாறியிருப்பானோ!

மேனாட்டு அறிஞர்கள் இதற்கு 'ஒருங்கிணைந்த சுற்றுச்சூழல் நல மதிப்பீடு' என்றொரு முறை வகுத்துள்ளனர். பெயர்தான் நீளம். எந்தத் தூசு, எவர் மூச்சில், எத்தனை ஆண்டு, என்ன நோய், எதை மாற்றினால் எவ்வளவு குறையும் என்பதையெல்லாம் ஒரே ஏட்டில் எழுதுவதுதான் அது. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையோ பெருந்திட்டங்களை எண்ணி எழுதப்பட்டது. பட்டறைகள் தனித்தனியே சிறியவைதாம்; சேர்ந்தால் ஒரு தொழில் நகரமே ஆகின்றன.

தூசு நுரையீரல் நோய்க்கென இராசத்தான் 2019-ல் தனிக் கொள்கை வகுத்து, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உதவித்தொகைக்கு வழிசெய்தது. தமிழகத்தால் ஆகாதா? பட்டறைதோறும் தூசை அளக்கட்டும். துடைப்பத்தை விலக்கி ஈரத்துணியால் துடைக்கட்டும். செலவாகும் என்பார் முதலாளி. ஒரு வாளித் தண்ணீருக்கு என்ன விலை? எக்ஸ்ரே வண்டி பட்டறை வாசலோடு நின்றுவிடக் கூடாது. வேலையை விட்டு வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டிருப்பவரிடமிருந்தே எண்ணிக்கை தொடங்கட்டும்.